ஹோட்டல் 900 மீட்டர்தான், ஆனால் அம்மாவையும் பெட்டிகளையும் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

கேள்வி

வணக்கம். அடுத்த வாரம் அம்மாவோடு ஒரு பெரிய நகரத்துக்கு ரயிலில் போகிறேன். அம்மாவுக்கு 68 வயது. சமதரையில் மெதுவாக நடப்பார், படி ஏறினால் முழங்கால் வலிக்கும். நான்கு சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்று, அதே மாதிரி நடுத்தரப் பெட்டி ஒன்று, ஒரு தோள்பை. ரயில் காலை 7 மணிக்குப் போய்ச் சேரும். ஹோட்டலில் அறை மதியம் 2 மணிக்குத்தான். மேப்பில் நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு 900 மீட்டர், நடந்தால் 11 நிமிடம் என்று காட்டுகிறது.

அந்த 11 நிமிடத்தை நம்பத்தான் பயமாக இருக்கிறது. போன முறை வேறொரு ஊரில் "பக்கம்தானே" என்று இறங்கி நடந்தோம். வெளியே வந்த பிறகுதான் ஹோட்டல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்று தெரிந்தது. நடைமேம்பாலத்தில் லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினேன். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி, நடுப்படியில் அம்மா. மறுநாள் முழுக்க அம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்த முறை அப்படி ஆகக்கூடாது. நடக்கலாமா, டாக்ஸியா, மெட்ரோவா? மெட்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம்தான்.

பதில் 1

அன்று உங்களைப் படுத்தியது தூரம் இல்லை, படிக்கட்டு. அதனால் 900 மீட்டரைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்.

மேப்புக்கு ரயில் நிலையம் என்பது ஒரு புள்ளி. நமக்கு அது ஒரு ஊர் மாதிரி. 20 கோச் உள்ள ரயிலின் நீளமே ஏறக்குறைய அரை கிலோமீட்டர் வரும். நீங்கள் கடைசிக் கோச்சில் இறங்கி, வெளியேறும் வழி இன்ஜின் பக்கம் இருந்தால், ஹோட்டலை நோக்கி ஓர் அடி வைப்பதற்கு முன்பே அரை கிலோமீட்டர் நடந்திருப்பீர்கள். அது மேப் சொல்லும் கணக்கில் வராது. 900 மீட்டருக்கு 11 நிமிடம் என்பது மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம், கைவீசி நடப்பவருக்கு. உங்களுக்கு 25 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: மேப்பைச் செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, தண்டவாளம் எந்தத் திசையில் ஓடுகிறது, ஹோட்டல் அதற்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தையும் திறந்து பாருங்கள். அதில் படிக்கட்டுகளை நெருக்கமான சிறு கோடுகளாகத் தனியாகக் குறித்திருப்பார்கள். அப்புறம் ஹோட்டலுக்கு போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும்? அங்கிருந்து உங்கள் ரிசப்ஷன் வரைக்கும் எங்கெல்லாம் படி இருக்கிறது? காலையிலேயே பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? "பக்கம்தான் மேடம்" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், படியை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

பதில் 2

மெட்ரோ வேண்டாம். ஒரு நிறுத்தத்துக்காகக் கீழே இறங்கி, சோதனை இயந்திரத்தில் பெட்டியைத் தூக்கி வைத்து, டிக்கெட் கதவில் நுழைந்து, மறுபடி மேலே ஏற வேண்டும். ரயிலில் இருப்பது இரண்டே நிமிடம், மற்றதெல்லாம் ஏற்ற இறக்கம். காலை 7 மணிக்கு மேல் அலுவலகக் கூட்டமும் சேர்ந்துவிடும். நான்கைந்து நிறுத்தம் தள்ளி ஹோட்டல் இருந்தால் நானே மெட்ரோதான் சொல்லியிருப்பேன். அப்போதும் அகலமான கதவையும் லிஃப்டையும் தேடிப் போங்கள், எஸ்கலேட்டரில் அம்மா கையில் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

பதில் 3

பெட்டியைப் பற்றி ஒரு விஷயம். நான்கு சக்கரப் பெட்டி வழவழப்பான தரைக்கு ஏற்றது. சக்கரம் சின்னது, எல்லாப் பக்கமும் திரும்பும். கல் பாவிய நடைபாதையிலோ உடைந்த தளத்திலோ உருட்டினால் பள்ளத்தில் சிக்கும், சரிவில் தானாக ஓடும். சாய்த்து இழுக்கும் இரண்டு சக்கரப் பெட்டிக்குச் சக்கரம் பெரியது, கரடுமுரடான தரையைச் சமாளிக்கும். நீள்கைப்பிடி வைத்த அந்த வகையை 1987-இல் வடிவமைத்தவர் ஒரு விமானி. வேலைக்குத் தினமும் பெட்டி இழுத்தவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரிந்திருக்கிறது. இப்போதைக்கு, மோசமான தரை வந்தால் நான்கு சக்கரப் பெட்டியையும் சாய்த்து, இரண்டு சக்கரத்தில் இழுங்கள். மருந்து, அடையாள அட்டை, போன் சார்ஜர் மூன்றும் தோள்பையில் இருக்கட்டும். பெட்டிகளை ஹோட்டலில் விட்டுவிட்டு நீங்கள் வெளியே சுற்றும்படி ஆகலாம்.

கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஹோட்டலுக்குப் பேசினேன். கிழக்கு வாசல் வழியாக வந்தால் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டியதில்லையாம். ஆனால் முன்வாசலில் ஏழு படி! கேட்ட பிறகுதான் சொன்னார்கள், பின்பக்கம் வண்டி நிற்கும் இடத்தில் சரிவுப் பாதையும் லிஃப்டும் இருக்கிறதாம். பெட்டிகளைக் காலையிலேயே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்படியானால் டாக்ஸிதான் சரி, இல்லையா? இவ்வளவு கிட்டத்தில் யாராவது வருவார்களா?

பதில் 4

சரிதான், டாக்ஸி. அந்தப் பின்வாசல் வரைக்கும் வண்டி போகும் என்பதே போதுமான காரணம்.

நடைமேடையில் நிற்கும்போதே ஆப்பில் பதிவு செய்யாதீர்கள். நீங்கள் வெளியே வருவதற்குள் டிரைவர் காத்திருந்து கிளம்பிவிடுவார், இல்லையென்றால் காத்திருப்புக் கட்டணம் ஏறும். வாசலுக்கு வந்து, அம்மாவை உட்கார வைத்த பிறகு பதிவு செய்யுங்கள். ஏறும் இடத்தைக் கையாலேயே நகர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் அது நிலையத்தின் நடுவிலோ எதிர்ப்பக்கத்திலோ போய் உட்கார்ந்துகொள்ளும். இறங்கும் இடமாக ஹோட்டல் பெயரைப் போடாமல் அந்தப் பின்பக்கத் தெருவில் குறி வையுங்கள். சின்ன கார் வேண்டாம். எரிவாயுவில் ஓடும் கார்களில் டிக்கியில் பாதியைச் சிலிண்டரே அடைத்திருக்கும். கிட்டத் தூரம் என்று தயங்குவார்கள், உண்மைதான். நிலையத்திலேயே முன்பணம் கட்டும் டாக்ஸி கவுண்டர் இருந்தால் அங்கே போங்கள், அங்கே பேரம் கிடையாது.

பதில் 5

வாசலில் யாராவது வந்து "அந்த ஹோட்டல் மூடிவிட்டார்கள், வேறு நல்ல இடம் காட்டுகிறேன்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். பல ஊர்களில் நடக்கும் பழைய ஏமாற்று. அவர் எதிரிலேயே ஹோட்டலுக்கு போன் போடுங்கள். ஒரே பெயரில் இரண்டு கிளை இருக்கிறதா என்றும் முன்பே பார்த்து, தெருப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 1

ஒன்று விட்டுப்போச்சு. நிலையத்தில் சக்கர நாற்காலி உதவி உண்டா என்று முன்பே விசாரித்துச் சொல்லி வையுங்கள். "அம்மா நடப்பாரே" என்று தயங்காதீர்கள். அந்த அரை கிலோமீட்டர் நடைமேடைக்காகத்தான் கேட்கிறோம். பெட்டிக்குப் போர்ட்டர் வைத்தால், எந்த வாசல் வரை, எவ்வளவு என்று பெட்டியைத் தூக்குவதற்கு முன் பேசிவிடுங்கள். ரயில் அங்கேயே கடைசி நிறுத்தம் என்றால் முண்டியடித்து இறங்க வேண்டாம், பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். லிஃப்ட் காலியாகிவிடும்.

கேட்டவர் (பயணம் முடிந்து)

நேற்று திரும்பி வந்தோம், அதனால்தான் தாமதம். நாங்கள் இறங்கியது கடைசியிலிருந்து மூன்றாவது கோச். பதில் 1 சொன்னது அப்படியே நடந்தது, வாசல் அந்தக் கோடியில். சக்கர நாற்காலி சொல்லி வைத்திருந்ததால் அம்மா அதில் வந்தார், கூட்டம் கலையும் வரை காத்திருந்து லிஃப்டில் ஏறினோம். இரண்டு பெட்டிக்கும் போர்ட்டர்.

ஓர் இடத்தில் மட்டும் தடுமாறினேன். ஏறும் இடத்தைச் சரியாக வைத்தும், அந்த வாசலில் தனியார் வண்டி நிற்க அனுமதி இல்லை என்று டிரைவர் சாலை முனைக்கு வரச் சொன்னார். அம்மாவையும் பெட்டிகளையும் விட்டுவிட்டு எப்படிப் போவது? அதை ரத்து செய்துவிட்டு டாக்ஸி கவுண்டருக்கே போனேன், அது பத்தடி தூரத்தில் இருந்தது. 8 மணிக்கு ஹோட்டலின் பின்வாசலில் இறங்கினோம். ஒரு படி கூட ஏறவில்லை. பெட்டிகளை வாங்கிக்கொண்டு சீட்டு கொடுத்தார்கள். அம்மா முகம் கழுவிவிட்டு, "சரி, எங்கே போகலாம்?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போதும் பின்வாசலிலிருந்தே டாக்ஸி, அதே கிழக்கு வாசல். அந்த நேரத்தில் சாலை நெரிசலாக இருக்கும் என்று ரிசப்ஷனில் சொன்னதால் 40 நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிட்டோம்.