புது ப்ராசசர் மாட்டினேன், திரை கறுத்தது: பயாஸ் அப்டேட் அனுபவங்கள்

நான்கு வருடம் உழைத்த ரைசன் 5 2600ஐ எடுத்துவிட்டு ரைசன் 7 5700எக்ஸ் போடலாம் என்று ஆசை. மதர்போர்டு பி450. ப்ராசசர் உட்காரும் இடம் இரண்டுக்கும் ஒரே ஏஎம்4 சாக்கெட்தானே, கழற்றி மாட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். பொருந்துவது வேறு, ஓடுவது வேறு என்பது இரவு பதினொரு மணிக்குத்தான் உறைத்தது.

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கெல்லாம் எரிகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றுமில்லை. போர்டின் ஓரத்தில் சிபியு என்று எழுதிய குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தபடியே நின்றது. ராமைக் கழற்றி மாட்டினேன். ஒரு ஸ்டிக் மட்டும் வைத்துப் பார்த்தேன். போர்டின் செட்டிங்கை அழிக்க சிமாஸ் பேட்டரியையும் எடுத்துப் போட்டாயிற்று. வாங்கிய ப்ராசசரே பழுது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் புரிந்தது. பி450 வந்தது 2018இல். ரைசன் 5000 வரிசை வந்தது 2020 நவம்பரில், 5700எக்ஸ் அதற்கும் பின்னால் 2022இல். பவர் போட்டதும் கணினியை எழுப்பும் நிரல்தான் பயாஸ். என் போர்டில் இருந்த பயாஸ் எழுதப்பட்ட நாளில் இந்த ப்ராசசர் பிறக்கவே இல்லை. ப்ராசசரை எழுப்பி மெமரியைத் தயார் செய்யும் ஏஎம்டியின் ஏஜிசா நிரல் பயாஸுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அது பழசாக இருந்தால் பயாஸ் திரைகூட வராது. போர்டு கம்பெனியின் வலைப்பக்கத்தில் சிபியு பட்டியல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று ஒரு கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை.

ஆக, அப்டேட் போடப் பழைய 2600 மறுபடியும் உள்ளே போக வேண்டும். அங்கேதான் வினை. கூலரைச் சூடில்லாமல் நேராக இழுத்திருந்தேன். தெர்மல் பேஸ்ட் இறுகிப் போய், லாக் போட்ட சாக்கெட்டிலிருந்து பல் பிடுங்கியது போல ப்ராசசரும் கூடவே வந்துவிட்டிருந்தது. ஏஎம்4இல் ஊசிகள் ப்ராசசரில்தான் இருக்கும். மூலையில் இரண்டு ஊசி சாய்ந்திருந்தன. முனை எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் குழாயை ஒவ்வொரு ஊசியிலும் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். இனி என்றைக்கும் கொஞ்ச நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, கூலரை இடவலமாகத் திருகித்தான் எடுப்பேன்.

நல்லவேளை, 2600 எழுந்தது. புது பயாஸ் ஃபைலை, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு பயாஸுக்குள்ளேயே அப்டேட் கொடுத்தேன். அந்தப் பட்டை நகர்ந்த நேரத்தில் மின்விசிறி ஸ்விட்சைக்கூடத் தொடவில்லை. முடிந்ததும் 5700எக்ஸ். முதல் தடவை திரை வர இரண்டு நிமிடத்துக்குக் கிட்டப் பிடித்தது. மெமரி டிரெயினிங், அதாவது ராமோடு ஒத்துப்போகப் பழகுவது, நடக்கிறதாம். பதறி அணைத்துவிடாதீர்கள்.

*

உங்களைப் போல மாட்டிப் பார்க்க எனக்குப் பழைய ப்ராசசரே கிடையாது, போர்டும் ப்ராசசரும் சேர்த்து வாங்கினேன். பின்னால், பென்டிரைவிலிருந்து பயாஸை நேரே ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்ததால் பிழைத்தேன். ப்ராசசர், ராம் எதுவும் வேண்டாம், மின்சாரம் மட்டும் வந்தால் போதும். ஆனால் ஃபைலின் பெயர் அவர்கள் சொன்னபடி ஓர் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். ஃபைல் பெயரின் வாலான எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைத்து வைத்திருந்தது தெரியாமல் நானும் கடைசியில் '.ROM' சேர்த்துவிட்டேன். பெயர் '.ROM.ROM' ஆகிவிட்டது! விளக்கு மூன்று முறை கண்ணடித்துவிட்டு அணையும், அவ்வளவுதான். ஒரு மாலை முழுக்க பென்டிரைவைத் திட்டிக்கொண்டிருந்தேன். குறிப்பிட்ட ஒரே ஒரு யுஎஸ்பி போர்ட்டில்தான் வேலை செய்யும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

என் பங்குக்கு ஒன்று: டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் ஜாக்கிரதை. ப்ராசசர் மாற்றியதும், அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யவா என்று கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரும், 'ஒய்' (Y) அல்லது 'என்' (N) அழுத்தச் சொல்லும். நான் படிக்காமல் 'ஒய்' அழுத்திவிட்டேன். அடுத்த திரையிலேயே 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. 'என்' அழுத்தியிருந்தால் பழைய ப்ராசசரை மாட்டித் திரும்பிப் போக வழி இருந்திருக்கும். கீ என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடந்ததால் தப்பித்தேன். அப்டேட்டுக்கு முன்பே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிடுவது நல்லது.

*

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு, ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கைத் திரும்பப் போட்டீர்களா? பயாஸ் அப்டேட் ஆனால் செட்டிங் எல்லாம் போய்விடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகத்தைப் பாருங்கள்.

*

பார்த்தேன். 3200 ராம், 2133இல் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று வாரமாக. புது ப்ராசசர் என்ன வேகம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.