புதுப்பிப்பு: அப்பாவின் முழங்கால் வீக்கமும் மூட்டுநீர்ப் பரிசோதனையும்

அப்பாவின் வலது முழங்கால் ஒரே இரவில் வீங்கிச் சிவந்ததையும், ரத்தத்தில் யூரிக் அமிலம் 5.9 மட்டுமே இருந்ததால் அது கௌட் (யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் படிவதால் வரும் மூட்டுவாதம்) அல்ல என்று நானே முடிவு கட்டியதையும் முன்பு எழுதியிருந்தேன். முடிவு சரிதான், காரணம்தான் தவறு. கௌட் தாக்கும் வேளையிலும் ரத்த அளவு இயல்பாக இருக்கக்கூடும் என்பதால், ஊசியால் மூட்டுநீரை எடுத்துப் பார்த்தார்கள்.

அந்நீர் அரிசி கழுவிய தண்ணீரைப் போலக் கலங்கியிருந்தது. கிருமி எதுவும் வளரவில்லை. 1961-இல் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற மருத்துவர்கள் கௌட்டுக்குக் காரணமான யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகங்களை அடையாளம் கண்ட அதே முறையில், அதாவது ஒரே தளத்தில் அதிரும் முனைவாக்க ஒளியைச் செலுத்தி நுண்ணோக்கியில் பார்த்தபோது, யூரேட்டுக்குரிய ஊசி வடிவத்துக்குப் பதிலாக, வெள்ளையணுக்களுக்குள் சாய்சதுர வடிவிலான கால்சியம் பைரோபாஸ்பேட் படிகங்கள் தெரிந்தன. குருத்தெலும்பில் படிந்திருக்கும் இவை மூட்டுக்குள் உதிரும்போது, அவற்றை விழுங்கும் அணுக்கள் இன்டர்லூக்கின்-1 என்னும் அழற்சிப் புரதத்தைச் சுரப்பதால்தான் இத்தனை வீக்கம். எக்ஸ்ரேயில் எலும்புகளுக்கிடையே ஓடிய மெல்லிய வெள்ளைக் கோட்டைப் பிலிமில் விழுந்த கீறல் என்று நினைத்திருந்தேன். அது சுண்ணாம்பேறிய குருத்தெலும்பாம்.

யூரிக் அமிலத்தைக் கூட்டும் என்று உறவினர்கள் சொன்னதை நம்பி நிறுத்தியிருந்த பருப்பை மீண்டும் சமைக்கிறோம். கால்சியம் என்ற பெயருக்கு அஞ்சிப் பாலை நிறுத்தவும் தேவையில்லை என்றார் மருத்துவர்.