எல்லா முடிவும் என்னிடமே வந்து நிற்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
கிருஷ்ணகிரி அருகே மாங்கூழ் ஆலை நடத்துகிறேன். அப்பா காலத்தில் 12 பேர். இப்போது பருவத்தில் 90 பேர். பெங்களூரா ரக மாம்பழ வரத்து தொடங்கிவிட்டால், லாரியை இறக்குவதா திருப்புவதா என்று இரவு இரண்டு மணிக்கும் என்னைத்தான் எழுப்புகிறார்கள். சென்ற ஆண்டு ஒரே ஒரு நாள் வெளியூர் போனேன். மூன்று லாரிப் பழம் வாசலிலேயே அளிந்து நீர்விட்டது. கூழில் பெரும்பகுதியை வாங்கும் நிறுவனமோ நான்கு மாதம் கழித்துத்தான் பணம் தருகிறது. வெளியிலிருந்து மேலாளரைக் கொண்டுவரலாமா?

பதில்:
இப்போதைக்கு வேண்டாம். ஓசூரில் இப்படிப் பல ஆலைகளுக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறேன். பழைய மேற்பார்வையாளர் கையில் பழத்தின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரைக் கொடுங்கள். எந்த அளவுக்குக் கீழே திருப்பலாம், எந்த விலைவரை பேசலாம் என்று ஒரே தாளில் எழுதி எடைமேடை அறையில் ஒட்டுங்கள். அவர் முதல் தவறு செய்யும்போது எல்லார் முன்னிலும் குரலை உயர்த்தாதீர்கள். அதுதான் உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கும்.

பதில்:
சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. எடுத்த எடுப்பில் புகார் வேண்டாம். பதிவு எண்ணை பில்லில் அச்சிட்டு, இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடுங்கள்.

கேட்டவர்:
மேற்பார்வையாளர் அப்பா காலத்து மனிதர். நேற்று கேட்டேன். "தவறாகிவிட்டால் கோபப்படுவீர்களே தம்பி, அதனால்தான் எழுப்புகிறோம்" என்றார். தாளை இன்றிரவு அவரோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.