ஒட்டுசுட்டானுக்குத் தினம் ஸ்கூட்டியில போய்வரலாமோ?

மாங்குளத்துக்குப் புதுசு:
வணக்கம், நான் யாழ்ப்பாணம். அடுத்த மாசம் ஒட்டுசுட்டானில வேலை பாரம் எடுக்கோணும், நிக்கிறது மாங்குளத்தில சித்தி வீட்டை. ஏ34 றோட்டால ஸ்கூட்டியில போய்வாறன் எண்டு சொன்னதில இருந்து அம்மா யானை யானை எண்டு நித்திரையே கொள்ளுறா இல்லை. உண்மையா அவ்வளவு பயமோ? பாலைப்பழம் எப்ப வரும் எண்டும் சொல்லுங்கோ, சின்னனில சாப்பிட்டது.

குளக்கட்டு:
தங்கச்சி, பகலில பஸ், உழவு மெசின் எல்லாம் ஓடுற றோட்டுதான். மாங்குளம் முல்லைத்தீவு கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், ஒட்டுசுட்டான் ஏறக்குறைய நடுவில, இடையில கனதூரம் காடு. பொழுதுபட்டாப் பிறகு மட்டும் தனிய வராதேங்கோ, சுணங்கினா அங்கயே ஆற்றையும் வீட்டில நில்லுங்கோ. றோட்டில ஆவி பறக்கிற யானை லத்தி கிடந்தாலோ கொப்பு முறியிற சத்தம் கேட்டாலோ ஹோர்ன் அடிக்கிறேல்லை, லைட் அடிச்சுப் பாக்கிறேல்லை, பேசாமத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போறது. ஆடி ஆவணியில காட்டுக்குள்ள மோட்டையள் வத்தினா முத்தையன்கட்டுக் குளத்துக்குத் தண்ணிக்கு இறங்கும், அப்ப கூடக் கவனம்.

முதிரையடி:
யானையை விடு பிள்ளை, எனக்குக் கரடிக்குத்தான் பயம். பாலைப்பழம் வைகாசி ஆனியில, ஆனா எங்களுக்கு முன்னம் அவர் மரத்தில நிப்பார். ஒருக்கா நாங்கள் போன மரத்தில நகம் கீறின இடத்தால பால் இன்னும் வடிஞ்சுகொண்டிருக்கு, வாளியையும் விட்டிட்டு ஓட்டம். நீ றோட்டுக்கரையில விக்கிறதை வாங்கு. கனக்கச் சாப்பிட்டா சொண்டு ரெண்டும் ஒட்டும், தேங்காயெண்ணெய் பூசித் தேய். கொப்போட வெட்டிக்கொண்டுவந்து விக்கிறவையிட்ட வாங்காத, பாலை ஆமை மாதிரி வளருற மரம், அந்தக் கொப்பு திரும்ப வர உனக்குப் பேரப்பிள்ளையள் வந்திடும்.

பழைய வயல்காரன்:
நெடுங்கேணிப் பக்கம் எங்கட வயல், 84இல விட்டிட்டு ஓடினது. 2011இல போய்ப் பாத்தா வீரையும் பாலையுமா நிக்குது, வரம்பை காலால தடவித்தான் கண்டுபிடிச்சம். இப்ப வன இலாகாக்காரர் எல்லைக்கல் வேற போட்டிட்டினம், காணி உறுதி என்ர கையில, பத்தை வெட்டினா வழக்கு. யானையை ஒருத்தரும் கேக்கிறேல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான், குறை நினைக்காதேங்கோ.

மாங்குளத்துக்குப் புதுசு:
எல்லாருக்கும் நன்றி. பின்னேரம் 5 மணிக்கே வெளிக்கிடுவன் எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். கரடிக் கதை சொல்லேல்லை.