ஆரி வேலை சங்கிலி பிரிந்து வருகிறது, ஞாயிறு நிச்சயதார்த்தம்!

மதுரைமல்லி கேட்டது:

ஆரி, அதாவது துணியைச் சட்டத்தில் கட்டிக் கொக்கி ஊசியால் சங்கிலி போலப் போடும் எம்பிராய்டரி, பழக ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. வகுப்பில் துண்டுத் துணியில் போட்டதெல்லாம் நன்றாகத்தான் வந்தது. நாத்தனார் மகள் நிச்சயதார்த்தத்துக்கு மாம்பழ மஞ்சள் ரா சில்க்கில் முதன்முதலாக ஒரு முழு பிளவுஸ் போட்டேன். கை முழுக்க ஜரிகை நூலில் கொடி, நடுநடுவே சுகர் பீட்ஸ் என்ற குட்டி மணிகள். பன்னிரண்டு நாள் வேலை.

நேற்று தையல்காரர் தைத்துக் கொடுத்தார். அக்குள் தையலோரம் உள்பக்கம் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. பிசிறுதானே என்று இழுத்தேன். சரசரவென்று நாலு விரற்கடை நீளத்துக்குக் கொடியே கழன்று வந்துவிட்டது, மணியெல்லாம் தரையில். அதோடு ஆரிச் சட்டமான ஸ்டாண்டிலிருந்து எடுத்த நாளிலிருந்தே கொடியைச் சுற்றித் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கிறது. இன்று செவ்வாய். நாத்தனாருக்கு இன்னும் தெரியாது. யாராவது வழி சொல்லுங்கள்.

நூல்கண்டு:

பதறாதீங்க. அறுந்த இடத்தில் ஃபேப்ரிக் க்ளூ ஒரு சொட்டு வையுங்கள், அதற்கு மேல் பிரியாது. நான் கல் ஒட்டும் பசையையே வைத்திருக்கிறேன்.

பழையஊசி:

பசை வேண்டவே வேண்டாம். பட்டில் பசை ஊறினால் எண்ணெய் பட்ட மாதிரி கறை நிற்கும், அந்த இடம் அட்டை போல விறைக்கும். அதுவும் மஞ்சள் துணியில்.

மல்லி, ஒன்று கேட்கிறேன். கொடியை முழங்கைப் பக்கம் ஆரம்பித்துத் தோளை நோக்கிப் போட்டுக்கொண்டு போனீர்கள், சரியா? பார்க்காமலே சொல்கிறேன். ஆரியில் நூல் துணிக்கு அடியில் இருக்கும், கொக்கி ஊசி மேலிருந்து இறங்கி ஒவ்வொரு வளையமாக இழுத்து, முந்தைய வளையத்துக்குள் கோத்துக்கொண்டே போகும். குரோஷா சங்கிலி மாதிரிதான். முடித்த பக்கத்திலிருந்து இழுத்தால் மொத்தமும் பிரியும், ஆரம்பித்த பக்கத்திலிருந்து இழுத்தால் அசையாது. நீங்கள் கடைசியில் நாட் போட்டிருப்பீர்கள், ஆனால் அந்த நாட் தையல்காரர் வெட்டி எறிந்த துண்டோடு போய்விட்டது. மிஷின் தையல் வளையங்களுக்கு நடுவே இறங்கியிருந்தால் நூலைப் பிடிக்காது. தோள் பக்கம் ஆரம்பித்து உள்ளே வந்து முடித்திருந்தால், வெட்டினாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

இப்போது செய்ய வேண்டியது. அக்குள் தையலை இரண்டு அங்குலம் பிரித்து, தையல்காரர் லைனிங் வைத்திருந்தால் அதை விலக்குங்கள். பிரியாமல் நிற்கும் கடைசி வளையம் மேலே தெரியும். தொங்கும் நூலைச் சாதா ஊசியில் கோத்து, அந்த வளையத்துக்குள் விட்டு, வளையத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் கீழே இறக்கிப் பின்பக்கம் முடிச்சுப் போடுங்கள். காலியான இடத்தை எம்பிராய்டரி ஊசியாலேயே சங்கிலித் தையல் போட்டு நிரப்பலாம். மேலே பார்த்தால் ஆரிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஜரிகை நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள், துணிக்குள் போய்ப் போய் வந்தால் பிசிர் கிளம்பும். மணிகளை மெல்லிய ஊசியில் ஒவ்வொன்றாகத் தைத்துவிடுங்கள். அப்புறம் மற்ற கொடிகளின் வெட்டுப்பட்ட நுனிகள் மீது, தையலுக்கு வெளியே மிச்சம் விட்ட துணியில், கையால் இரண்டு வரி பின்தையல் (பேக் ஸ்டிட்ச்). இரண்டு கைக்கும். மறந்தால் மண்டபத்தில் பிரியும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் தங்கை கல்யாண பிளவுஸில் இதே தப்பைச் செய்து, முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் மணமேடைக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்தேன்.

சுருக்கத்துக்கு வருவோம். ஆரி போடும்போது துணிக்கு அடியில் லைனிங் வைக்காமல் போட்டீர்களா? ஸ்டாண்டில் துணியைத் தட்டினால் மேளம் மாதிரி டப் என்று கேட்க வேண்டும். தொய்வாக இருந்தால் ஒவ்வொரு வளையமும் துணியை இழுத்துக்கொள்ளும். நம் ஆரி மாதிரியே கொக்கி ஊசியில் போடும் வேலைக்குப் பிரெஞ்சில் தம்பூர் என்று பெயர், அந்தச் சொல்லுக்கே மேளம் என்றுதான் அர்த்தம். இந்த ஊசி வேலைக்குப் பேர் போனவர்கள் குஜராத்தின் கட்ச் பகுதி மோச்சிகள், அவர்கள் தோல் தைத்தவர்கள். தோல் தொய்யாது, நமக்குத்தான் இந்தத் தலைவலி.

கெட்டியான துண்டை விரித்து, வேலைப்பாடு கீழே வரும்படி பிளவுஸைக் கவிழ்த்து, பின்பக்கமிருந்து ஆவி மட்டும் காட்டுங்கள். இஸ்திரிப் பெட்டியை அழுத்தாதீர்கள், தண்ணீரும் தெளிக்காதீர்கள். பாதிச் சுருக்கம் போகும். மீதி போகாது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

நூல்கண்டு:

அடடா, ஆரம்பிக்கும் பக்கம் விஷயம் எனக்கும் தெரியாது. பசையை வாபஸ் வாங்குகிறேன்.

மதுரைமல்லி:

அக்கா, முழங்கையிலிருந்துதான் ஆரம்பித்தேன்! லைனிங்கும் வைக்கவில்லை, கனமாகிவிடும் என்று நினைத்தேன். இன்று மாலை அக்குளைப் பிரித்து உட்கார்ந்தேன், வளையத்தைக் கண்டுபிடிக்கவே கால் மணி ஆயிற்று. ஒரு கை முடிந்தது. மணி மட்டும் ஏழு குறைகிறது, பெருக்கிய குப்பையில் போய்விட்டது போல. அடுத்த பிளவுஸுக்குத் தையல்காரரிடம் முதலில் தையல் வரும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு வாங்கினால் போதுமா?

பழையஊசி:

கோடு போட்டு வாங்குங்கள், அதற்கு உள்ளே அரை அங்குலம் விட்டே மணி வையுங்கள். மணி மேல் மிஷின் ஊசி இறங்கினால் ஊசி உடையும், திட்டு உங்களுக்குத்தான். ஏழு மணி குறைந்தால் அக்குள் பக்கமே குறையட்டும், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?