மின்தூக்கிக்காக வாக்கு: சிங்கப்பூர்த் தொகுதிவாசிகளின் அனுபவங்கள்

பொத்தோங் பாசிரிலிருந்து:

1984 முதல் 2011 வரை எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரரான சியாம் சீ தோங். அப்போது பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. முட்டிவலிக்காரரான என் பெரியம்மா சந்தைப் பையோடு படி ஏறித்தான் வீட்டுக்குப் போவார். 1997 தேர்தலில் அன்றைய பிரதமர் கோ சோக் தோங் வெளிப்படையாகவே சொன்னார்: ஆளும் மக்கள் செயல் கட்சியை அதிகம் ஆதரிக்கும் வட்டாரங்களுக்கே புளோக்கு மேம்பாட்டில் முன்னுரிமை. அது கட்சிப் பணமா? 1994இலிருந்து பெரியம்மாவும்தான் பொருள் சேவை வரி கட்டினார்! இந்த முறையாவது மாற்றிப் போடுங்கள் என்று அவரிடம் கெஞ்சியிருக்கிறேன். "கீழ மேச போட்டு உக்காந்து நம்ம கஷ்டத்தக் கேக்குற மனுஷன்டா. லிஃப்டுக்காக அவர விடச் சொல்றியா?" என்றார்.

செங் சானிலிருந்து:

எங்கள் குழுத்தொகுதியில் (பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்கும் தொகுதி) 1997இல் கடும் போட்டி. அந்தத் தேர்தலில் வாக்குகளை வட்டாரவாரியாக எண்ணினார்கள். தனி ஆளின் வாக்கு ரகசியம்தான், ஆனால் நம் வட்டாரம் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். அதனால் மிரட்ட வெளியாள் தேவைப்படவில்லை. "உங்களால எங்களுக்கும் கிடைக்காமப் போயிடும்" என்று பக்கத்து வீட்டு அக்காவே அம்மாவிடம் சொன்னார். வாக்குச்சீட்டில் வரிசை எண் வேறு இருக்கும். எண்ணி முடித்ததும் முத்திரையிட்டு வைத்து, ஆறு மாதம் கழித்து அழித்துவிடுவார்கள் என்று எவ்வளவு விளக்கியும், அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் அப்பாவுக்குப் போகவில்லை. 54.8 விழுக்காட்டில் ஆளுங்கட்சியே வென்றது. பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வயதான பெற்றோரை வைத்திருப்பவருக்கு மின்தூக்கி ஆடம்பரம் இல்லை.

ஹவ்காங்கிலிருந்து:

2006இல் மேம்பாட்டுக்கென்று எங்களுக்கு 100 மில்லியன் வெள்ளி, பொத்தோங் பாசிருக்கு 80 மில்லியன் என்று ஆளுங்கட்சி வாக்குறுதி தந்தது. இரண்டு தொகுதியும் மசியவில்லை. இங்கே எதிர்க்கட்சியின் லோ தியா கியாங் 62.7 விழுக்காடு வாங்கினார். புளோக்கில் சாவு விழுந்தால் வந்து நிற்கிற மனிதர் அவர். அதை எந்த மில்லியனும் ஈடுகட்டாது என்பதுதான் எங்கள் புளோக்குப் பேச்சு.

மறுபடியும் பொத்தோங் பாசிர்:

2011இல் சியாம் வேறு குழுத்தொகுதிக்குப் போனார். இங்கே நின்ற அவர் மனைவி லினா 114 வாக்கில் தோற்றார். அந்த 114இல் மேம்பாட்டுக்காக விழுந்தவை எத்தனை, சியாம் நிற்காததால் மாறியவை எத்தனை என்று பேட்டையில் இன்னும் வாதம் நடக்கிறது. சியாமே நின்றிருந்தால் ஜெயித்திருப்பார் என்பது என் எண்ணம்.