அம்மச்சிக்க துணிய வச்சே அவங்க முகத்த தைக்கணும், கிரேஸி க்வில்ட் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மரச்சீனி_மினி:
எல்லாருக்கும் வணக்கம், நான் மார்த்தாண்டம் பக்கம். எங்க அம்மச்சி, அம்மைக்க அம்மை, போன நவம்பர்ல தவறிட்டாங்க. வருஷ பூசைக்கு முன்னாடி அவங்க உடுத்த துணியிலேயே அவங்க முகத்த கிரேஸி க்வில்ட்டா தச்சு அம்மைக்கு குடுக்கணும்னு ஆசை, அதான் கோணல்மாணலா வெட்டின துண்டுகள ஒண்ணோட ஒண்ணு சேத்து, சேர்ற இடத்துல எல்லாம் கைத்தையல் பூவேலை போடுவாங்கல்லா, அது. டிரங்கு பெட்டில கரை போட்ட முண்டு 5, அதுக்கு மேல போடுற நேரியது, சுங்கடி சேலை 2, கல்யாணப் பட்டு, பாட்டாவுக்க சாரம் (லுங்கி) 2, பொறவு எனக்க சின்ன வயசு பாவாடை ஒண்ணு, கிழிஞ்ச இடத்துல அம்மச்சி கையால ஒட்டு போட்டது. போட்டோ, முற்றத்துல இருந்து மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) சீவும்போ நிமிந்து சிரிச்சது, முன்பல்லு ஒண்ணு இருக்காது.

ஒரு தடவ வேற துணில செஞ்சு பாத்தேன். சந்தன கலர் பிளவுஸ் பிட்டுல முகம் வெட்டி, அது மேல குட்டி குட்டியா பூப்போட்ட துண்டெல்லாம் வச்சேன், கிட்ட பாத்தா பரவால்ல, நாலடி தள்ளி நின்னா முகமே தெரியல, மேப் மாதிரி இருக்கு. எங்க தப்பு பண்றேன்? இன்னொண்ணு, அவங்க துணில கத்திரிய வைக்க கை வரமாட்டேங்குது.

வடசேரி தையல்காரி:
மக்ளே, முதல்ல கலர மறந்துரு. முகத்த முகமா காட்டுறது வெளிச்சமும் இருட்டும்தான். அந்த போட்டோவ போன்லயே கறுப்பு வெள்ளையாக்கி, நாலு ஷேடு மட்டும் வர்ற மாதிரி குறைச்சு ஜெராக்ஸ் கடைல பெருசா எடு. உச்சி நெத்தில இருந்து தாடை வரைக்கும் 8 இஞ்சாவது வரணும், அதுக்கும் சின்னதா போனா கண்ணு தைக்க முடியாது. பொறவு நீ எடுத்த துணி எல்லாத்தையும் தரைல பரத்தி அதையும் கறுப்பு வெள்ளையில ஒரு போட்டோ எடு. நமக்கு சிவப்பும் பச்சையும் வேற வேறயா தெரியும், போட்டோல ரெண்டும் ஒரே சாம்பலா நிக்கும், அங்கதான் உன் முகம் காணாம போயிருக்கு.

ரெண்டாவது, முகத்துல பூப்போட்ட துணி வேண்டவே வேண்டாம். கோணல் துண்டு விளையாட்டெல்லாம் சேலைக்கும் பின்னாடி உள்ள இடத்துக்கும் வச்சுக்கோ. முகம் அமைதியா இருந்தா போதும், நெத்திக்கு ஒரே துண்டு கூட மதி. சந்தன கலரையும் விட்டுரு, நம்ம அம்மச்சிமாருக்க நிறம் அது இல்ல. மேட்சிங் சென்டர்ல டூ பை டூ பிளவுஸ் துணி பிரவுன்லயே எத்தன ஷேடு வச்சிருப்பான், கால் கால் மீட்டரா நாலு வாங்கு. ஒரே துணிக்க மறுபுறம் ஒரு ஷேடு வெளுப்பா இருந்தா அதையும் எடுத்துக்கோ, கன்னத்துக்கு ரொம்ப சரியா வரும். காடா துணிய நனைச்சு காயப்போட்டு தேச்சு, அத அடித்துணியா வச்சு மேல தை. ரெண்டு பக்கம் ஒட்டுற பசைத்தாள் வச்சு ஒட்டுறதா இருந்தா படத்த இடம் வலம் மாத்தி வரையணும், இல்லன்னா அம்மச்சி அந்தப் பக்கம் திரும்பிருவாங்க.

கத்திரி விஷயம். முண்டுல கரை இல்லாத நடுப்பாகம் நிறைய கிடக்கும், அதுல தொடங்கு, கை தானா பழகிரும். எல்லாத்தையும் வெட்டவும் வேண்டாம், ஒவ்வொண்ணுலயும் உள்ளங்கை அளவு மதி.

தக்கலை பையன்:
முண்டு வெள்ளையாத்தானே இருக்கு, அத கட்டன்சாயால முக்கினா நாலு பிரவுன் கிடைக்குமே, 5 நிமிஷம், 15 நிமிஷம், அர மணிக்கூர்னு. அம்மச்சிக்க துணியே முகமாவும் ஆகும்லா.

குளச்சல்_காத்து:
தம்பி சொன்ன யோசனை மனசுக்கு நல்லா இருக்கு, ஆனா வருஷக்கணக்குல வைக்கிற பொருளுக்கு சாயாக்கறை வேண்டாம், அதுல உள்ள துவர்ப்பு நாளாக நாளாக நூல மக்க வைக்கும். வெளுத்துப் போகாத துணிச்சாயம் வாங்கி முக்குங்க, முண்டுதான் வேணும்னா.

நான் பயப்படுறது அந்த கல்யாணப் பட்டுக்கு. மடிப்புல விரலால லேசா இழுத்துப் பாருங்க, நூல் பிரிஞ்சா அப்படியே தைக்காதீங்க, பின்னாடி மெல்லிசா ஒட்டு கேன்வாஸ் வச்சு குறைஞ்ச சூட்டுல தேச்சுட்டு வெட்டுங்க. அமெரிக்காவுல 1880கள்ல இந்த கிரேஸி க்வில்ட் வீட்டுக்கு வீடு ஓடின காலம், 1876ல பிலடெல்பியால நடந்த கண்காட்சியில ஜப்பான் சாமான்கள பாத்த மோகமும் அதுக்கு ஒரு காரணம்னு சொல்லுவாங்க. பட்டும் வெல்வெட்டுமா தச்சாங்க, ஆனா அந்தக்கால வியாபாரிங்க பட்டுக்கு கனம் கூட்ட தகர உப்பு ஏத்தியிருந்தாங்க, அதனால அந்தத் துண்டுகள் மட்டும் இன்னிக்கு பொடியா உதிருது, பக்கத்துல உள்ள பருத்தி அப்படியே நிக்குது. ஜரிகையும் பாத்துக்கோங்க, எங்க கடற்கரைல உப்புக்காத்துக்கு வெள்ளி ஜரிகை சீக்கிரமே கறுத்துரும்.

நமக்கு ரெண்டு மழையும் உண்டு, அதனால கண்ணாடி போட்டா துணில ஒட்டாம அரை இஞ்சு இடைவெளி விடச் சொல்லுங்க. ஒட்டிக்கிடந்தா பூசணம் பிடிக்கும். வெயில் விழுற சுவரும் வேண்டாம்.

முளகுமூடு லிசி:
அக்கா, அம்மச்சி லேஸ் ஏதும் பின்னுனாங்களா? எங்க பாட்டி தலையணை மேல குண்டூசி குத்தி கட்டை உருட்டி பின்னுவாங்க. நாகர்கோவில்ல மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கி வச்ச வேலை, நம்ம ஜில்லால 200 வருஷத்துக்கு கிட்ட ஆகுது. பெட்டிக்கு அடியில ஒரு சாண் லேஸ் கிடைச்சாலும் நேரியதுக்க கரையா வச்சிருங்க. துண்டு சேர்ற இடத்துல ஃபெதர் ஸ்டிச், ஹெர்ரிங்போன், செயின் ஸ்டிச் மூணும் மாத்தி மாத்தி போடுங்க, 2 இழை நூல் போதும், 6 இழையும் சேத்து போட்டா முகத்த விட தையல்தான் முன்னாடி நிக்கும்.

மரச்சீனி_மினி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு வாரமா ராத்திரி அம்மை உறங்கின பொறவு உக்காந்து தச்சேன். வடசேரி அக்கா சொன்ன மாதிரி நாலு பிரவுன், நெத்தி ஒரே துண்டு. கண்ணுல வெள்ளை நூலால ஒரு புள்ளி வச்ச உடனே அவங்க என்னைய பாக்குற மாதிரி ஆயிடுச்சு, கொஞ்ச நேரம் ஊசிய கீழ வச்சிட்டு சும்மா இருந்தேன். பட்டு மடிப்புல பிரிஞ்சுதான் இருந்துச்சு, கேன்வாஸ் வச்சேன். பாட்டாவுக்க சாரம் தோளுக்கு பின்னாடி வருது. லேஸ் கிடைக்கல லிசி. ஆனா அந்த பாவாடைல அம்மச்சி ஒட்டு போட்ட இடத்த மட்டும் சதுரமா எடுத்து படத்துல அவங்க மடில வச்சேன், சுத்தி மட்டும்தான் தச்சேன், அவங்க போட்ட தையல் மேல எனக்க ஊசி படல.

சித்திக்கு மட்டும் போட்டோ அனுப்பினேன், உடனே போன் பண்ணி "இது அம்மை மரச்சீனி சீவும்போ சிரிக்கிற சிரிப்புல்லா"ன்னு அழுதாங்க.

ஒண்ணு மட்டும் சரியா வரல. பல்லு போன இடத்துல கறுப்பு வச்சேன், ஓட்டை மாதிரி இருக்கு. எடுத்தா அம்மச்சி மாதிரியே இல்ல.

வடசேரி தையல்காரி:
கறுப்ப எடுத்துரு மக்ளே. சிரிக்கிற வாய்க்குள்ள முழு கறுப்பு இருக்காது. உதட்டுக்கு வச்ச துணிய விட ரெண்டு ஷேடு கூடின காப்பிக்கொட்டை நிறத்துல ஒரு இழை நூல், நெருக்கமா நாலு தையல். அம்புட்டுதான் வேணும்.